ஒரு ஆள் வரமாட்டான்

பரேல் மில் வாசலில் பத்லி ஆட்களின் வரிசையில் அன்று தளவாய்தான் முதல் ஆள். உள்ளே யாராவது வேலைக்கு வராவிட்டால்தான் பத்லிக்கு அன்றைய வேலை. நாற்பது நாளாக அவன் வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தான்.

“இன்னிக்கும் இல்லைன்னா ஊருக்கு ரயிலேறிருவேன், அண்ணாச்சி” என்றான், பக்கத்தில் டீ குடித்தவரிடம். தாராவிக்காரர், பெயர் இசக்கிமுத்து. சற்று முன்புதான் பழக்கம்.

“போயி? மழை வருமான்னு மானத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா? நில்லுடே. இன்னிக்கு ஒரு ஆளு கண்டிப்பா வரமாட்டான்.”

“ஒமக்கு ஜோசியம் தெரியுமாக்கும்?”

“ஜோசியம் இல்லடே, நம்பிக்கை. நமக்குன்னு ஒரு நாளு இல்லாமலா போயிரும்?”

இவரும் வேலைக்குக் காத்திருப்பவர்தானே, எப்படிச் சிரிக்கிறார் என்று தளவாய்க்கு ஆச்சரியமாக இருந்தது.

சங்கு ஊதியது. மேஸ்திரி வெளியே வந்தார்.

“பன்னெண்டாம் தறிக்கு ஒரு ஆளு வா! இசக்கிமுத்துக்குக் காய்ச்சலாம், சொல்லி அனுப்பிருக்கான். பதினோரு வருசத்துல முதல் லீவு!”

தளவாய் திரும்பிப் பார்த்தான். காய்ச்சல்காரர் தூக்குச்சட்டியை வீசிக்கொண்டு தாதர் பக்கம் நடந்துகொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தான்.

“ஏய், வாரியா இல்லையா?” என்றார் மேஸ்திரி.

கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, தளவாய் உள்ளே போனான்.