பம்பருக்குக் கீழே ஒரு படி

"பம்பர் கேட்டா ஏணி பண்ணி வச்சிருக்கியே, இதை யாரு வைக்கச் சொன்னது?"

திண்டிவனத்தில், அடைக்கலராஜின் வெல்டிங் பட்டறை வாசலில் நின்ற தன் பிக்கப் வண்டியின் பின்புறத்தைக் காட்டிக் கேட்டார் மாசிலாமணி.

பம்பரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய பம்பர், பஸ் இடித்து ஓரம் கிழிந்து மூன்று மாசமாகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, இப்போதுதான் வேளை வந்தது. புதுசைக் கேட்டபடியே கனமான பைப்பில் செய்திருந்தான். ஆனால் அதற்குக் கீழே, கேட்காத ஒரு படி. கால் வழுக்காத சொரசொரப்புத் தகடு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேறு.

"அதுக்குக் காசு சேக்கலண்ணா" என்றான் அடைக்கலராஜ்.

அதைக் கேட்டபிறகுதான் அவருக்குச் சந்தேகம் வலுத்தது. சும்மா கொடுக்கிற வெல்டரை அவர் எங்கே பார்த்தார்?

அவர் பயம் அவருக்கு. தினமும் காலையில் மயிலம் பக்கத்திலிருந்து பதினைந்து பெண்களை அந்த வண்டியில் ஏற்றிப்போய், மல்லாட்டை பிடுங்க நிலக்கடலைக் கொல்லையில் இறக்கிவிடுவார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது தெரியாமல் இல்லை. செக்கிங்கில் காலி வண்டியாகச் சிக்கினால், மூட்டை ஏற்றப் போகிறேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

"மூட்டை படியேறி வருமாடா? இதைப் பாத்தா காலி வண்டின்னாலும் புடிச்சு உள்ள வச்சிடுவான். அறுத்துடு."

அடைக்கலராஜ் கட்டிங் மிஷினை எடுத்து வந்தான். பிளக்கைச் சொருகவில்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

மாசிலாமணி அதற்குள் கொஞ்சம் ஆறியிருந்தார். திருவக்கரை அம்மன் காலடியில் வைத்து வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் புதுப் பம்பரில் கட்டப்போனார்.

"நாலு வருசமா ஒரு சொட்டு ரத்தம் பாக்காத வண்டிடா இது. அந்தப் பேருலதான் பொம்பளைங்க நம்பி ஏறுறாங்க. ரத்தம் பாத்த வண்டின்னு ஆயிட்டா, அப்புறம் ஒருத்தி ஏறமாட்டா."

போன வாரம் அந்தப் பெண்களில் ஒருத்தி, வேணி, காலைக் கிழித்துக்கொண்டதுகூட வரப்பில் வழுக்கித்தான், வண்டியில் இல்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிப்போய், பார்த்துக் கால் வைக்கக்கூடாதா என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தவர் அவர். அந்த ரொட்டியைப் பற்றி இந்த ஒரு வாரத்தில் அவர் வாயால் கேட்காத ஆள் கிடையாது.

"என் வண்டின்னா அதுங்களுக்கு உசுரு. அவ விழுந்த அன்னிக்குக்கூட, நான் சொல்லாமலே கெணத்துத் தண்ணி மொண்டு வண்டியைக் கழுவி வச்சிருந்தாங்கன்னா பாத்துக்க."

அடைக்கலராஜ் மூலையில் கிடந்த பழைய பம்பரைக் காலால் புரட்டினான். கிழிந்த ஓரம் அரிவாள்போல நீட்டிக்கொண்டிருந்தது.

"வேணியக்கா எங்க தெருதாண்ணா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. இதுமேல கால வச்சித்தான் அத்தினி பேரும் இறங்கிக்கினு இருந்தாங்க. ஏழு தையலு இதுலதான்."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். நாலு வருசமும் டிரைவர் சீட்டில் இருந்தபடியே, "எல்லாம் இறங்கியாச்சா?" என்று குரல் கொடுத்தாரே தவிர, எப்படி இறங்குகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்ப வரப்புன்னு எதுக்குச் சொன்னா?"

"ரத்தம் பாத்த வண்டின்னு உங்களுக்குப் பேரு வந்துடக்கூடாதாம். பதினஞ்சு பேரும் பேசி முடிவு பண்ணிக்கினாங்க. வண்டியைப் பின்ன எதுக்குண்ணா கழுவுனாங்க?"

கட்டாத எலுமிச்சம்பழம் மாசிலாமணியின் கையிலேயே இருந்தது.

"அறுக்கட்டுமாண்ணா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துப் படியில் ஏறிப் பார்த்தார். இறங்கிப் பார்த்தார். மறுபடியும் ஏறினார்.

"இன்னும் ரெண்டு விரக்கடை கீழ எறக்கி வைடா" என்றார். "அவளுக்குத் தையல் போட்ட காலு."