மச்சாது

பிரேசில் கப்பலிலிருந்து வயிற்று வலியோடு தூத்துக்குடியில் இறக்கப்பட்ட மாலுமியின் குடும்பப்பெயரைப் படித்ததும் நர்ஸ் ஜெசிந்தா நின்றுவிட்டாள். அவளுடையதும் அதேதான்; போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு அவள் முன்னோருக்குக் கிடைத்த பெயர்.

"மச்சாது!" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"மஷாது!" வலியை மறந்து அவன் சிரித்தான். கைப்பேசியில் தன் நாட்டு மச்சாதுகளைக் காட்டினான்: பந்தாட்டக்காரர் ஒருவர், நீதிபதி ஒருவர், ஒரு பாடகி. யாருக்காவது தன் அப்பாவின் மூக்கு வாய்த்திருக்கிறதா என்று ஜெசிந்தா ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"எங்கள்லயும் ஒருத்தரு முத்துக் குளிச்சுப் பேரெடுத்தவரு" என்றாள், அவனுக்குத் தமிழ் புரியாதென்று தெரிந்தும்.

அறுவை சிகிச்சை அறை வாசலில் அவன் அவளுடைய கையை விடவில்லை.

"இவருக்கு இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஜெசிந்தா அவன் கையை இன்னும் இறுகப் பற்றினாள்.

"இருக்கோம் சார்."