கடைசிக் குப்பி

ஆராய்ச்சிக்காரி ஏதோ ஒரு வேரிலிருந்து வைரஸ் காய்ச்சலுக்கு மருந்து இறக்கியிருந்தாள். வார்டில் பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர்.

“எம் மக பேச்சிக்கு எது தாயி?” என்று கேட்டார் இருளாண்டி.

“எனக்கே தெரியாதுய்யா. தெரியாமக் குடுத்தாத்தான் சோதனை.”

“ஆக்குனவளுக்கே தெரியாதாம்ல! யாருகிட்ட கதை விடுறா?” என்று முனகினார்.

பேச்சி கண்ணே திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியோ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, இருவருடைய கடைசிக் குப்பிகளையும் மாற்றி வைத்தார். மகளுக்குப் புகட்டியும் விட்டார்.

சற்று நேரத்தில் ஆராய்ச்சிக்காரி ஓடிவந்தாள். “ஐயா, காலையில எடுத்த பேச்சி ரத்தத்துல கிருமி பாதியாக் கொறஞ்சிருக்கு! இதுவரைக்கும் உள்ள போனது மருந்துதான் போல. கடைசிக் குப்பிய மட்டும் விட்றாதீங்க.”

பக்கத்துக் கட்டில்காரி தன் குப்பியைக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டி, மிச்சச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டிருந்தாள்.