வெள்ளிக்கிழமை அரை மணி

இடைக்கால உத்தரவு நீடிக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றத்தில் மனதார வேண்டிக்கொண்டவன் ஒருவன்தான். அவன் கணவன் தரப்பும் இல்லை, மனைவி தரப்பும் இல்லை. திருடன். தொழில் வட்டாரத்தில் அவனைப் பூனை என்பார்கள்.

தன் சொந்த வழக்குக்காக வந்தவன், தாழ்வாரத்தில் மின்விசிறி ஓடுகிறதே என்று குடும்ப நீதிமன்ற வாசலில் ஒதுங்கினான். உள்ளே நீதிபதி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் இருவரும் இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும். அப்பா ஒரு வாரம், அம்மா ஒரு வாரம் வந்து தங்கட்டும். இருவரும் நேருக்கு நேர் பார்த்தால் பாத்திரம் பறக்கிறது என்பதால், வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் கிளம்பி அரை மணி கழித்துத்தான் மற்றவர் நுழைய வேண்டும். அதுவரை பிள்ளைகள் எதிர்வீட்டு டியூஷனில் இருக்கட்டும்.

பூனைக்கு உடம்பு சிலிர்த்தது. முத்திரை குத்தி ஒரு வீட்டைக் காலி செய்து கொடுக்கிறார்கள்.

முதல் வெள்ளி, மிக்ஸி. பின்கதவு இடுக்கில் வளைந்த கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்பினான். கொண்டி சொன்ன பேச்சு கேட்டது. சந்து வழியாக வெளியேறினான்.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. வக்கீலிடம் போனார்கள். மிக்ஸியை அவர் தூக்கிப் போய்விட்டார் என்று மனைவி மனு போட்டாள். அடுத்த வெள்ளி டி.வி. அதற்குக் கணவன் மனு போட்டான். பிறகு சுவர்க் கடிகாரம், தையல் மெஷின், கூடத்துத் திரைச்சீலை. பொருளுக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு வாய்தா.

வாய்தா தவறாமல் பூனையும் தாழ்வாரத்தில் ஆஜரானான். பிழைப்பாயிற்றே. அங்கே பெஞ்சில் அந்த வீட்டுச் சிறுமியும் அவள் தம்பியும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை அவள் தன் பிஸ்கட்டில் பாதியை அவனிடம் நீட்டினாள். விவரம் தெரியாத குழந்தை என்று பூனை பரிதாபப்பட்டான். வாங்கித் தின்றான்.

ஒரு நாள் நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த வாய்தாவரை ஒரு புகாரும் வராவிட்டால் அன்றே வழக்கை முடித்துவிடுவேன் என்றார். வீட்டை விற்றுவிடலாம், மகள் அம்மாவோடு, மகன் அப்பாவோடு. பெஞ்சில் தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். பூனை சுவரைப் பிடித்துக்கொண்டான்.

போதாக்குறைக்கு அந்த வாரமே வேறொரு மதிலிலிருந்து விழுந்து கால் பிசகியது. இரண்டு வெள்ளிக்கிழமைகள் வீண். எல்லாம் முடிந்தது என்றுதான் நொண்டிக்கொண்டே வாய்தாவுக்குப் போனான்.

உள்ளே ஒரே ரகளை. இஸ்திரிப்பெட்டியைக் காணோமாம். மறுவாரம் குக்கராம். கணவனும் மனைவியும் விரலை நீட்டி நீட்டி ஏசிக்கொண்டார்கள். நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இடைக்கால உத்தரவையே நீட்டித்தார்.

பூனை திகைத்தான். இரண்டையும் அவன் தொடவே இல்லை. அப்படியென்றால் இந்தப் புருஷன் பெண்டாட்டி நிஜமாகவே திருடுகிறார்களா? படித்தவர்கள். அதுவும் சொந்த வீட்டில். மனிதனுக்கு ஒரு நாணயம் வேண்டாமா என்று அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கால் தேறிய முதல் வெள்ளி. கம்பி, நெம்பு, கதவு. சமையலறை மேடைமேல் அக்காவும் தம்பியும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இஸ்திரிப்பெட்டியும் குக்கரும்.

"ரெண்டு வாரமா எங்க போனீங்க மாமா?" என்றாள் அவள். "நாங்களே எடுத்துக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வைக்க வேண்டியதாப் போச்சு. இதையும் கொண்டு போயிடுங்க. அம்மா வந்து பெருக்கினா மாட்டிக்குவோம்."

"என் கணக்குப் புத்தகத்தையும்" என்றான் தம்பி.

"அது அடுத்த வாய்தாவுக்கு."

பூனை சாக்கைக் கீழே வைத்தான். எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"டியூஷன் ஜன்னல்லேருந்து பாத்தா சந்து முழுக்கத் தெரியும். டி.வி.யைத் தூக்கிட்டு நீங்க தள்ளாடினப்ப பாவமா இருந்துச்சு. நீங்க வராம இருந்தா இவன் ஒரு வீடு, நான் ஒரு வீடு. அதான்."

பூனை குக்கரைச் சாக்கில் போட்டான். பார்த்தால்தான் என்ன, கதவைத் திறந்தது தன் கைத்திறமை, அதை யாரும் பறிக்க முடியாது. கம்பியைச் சட்டையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"மாமா, இனிமே அந்தக் கம்பி வேண்டாம், கதவுல கீறல் விழுது" என்ற அவள், கதவின் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"கீழ்த்தாழ்ப்பாள் உள்ளேருந்து மட்டும்தான் திறக்கும், முதல் வாரம் அப்பா போட மறந்துட்டாரு, அப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும் நாங்கதான் திறந்து வச்சிட்டுப் போறோம்."