ததேயுஸ் தட்டிய கோடு

ஒரு விடுகதை. காது இரண்டு, வால் ஒன்று. மேசையை விட்டு இறங்காது. காதைத் தட்டினால் சொன்ன வேலையைச் செய்யும். அது என்ன?

கம்ப்யூட்டர் மவுஸ்தான். 2011-இல், இனயம் என்னும் கடலோர ஊரின் தேவாலயப் பங்கு மண்டபத்தில், முதல் வகுப்பன்று பாடம் நடத்திய ஜெனிலா இப்படிக் கேட்டபோது ஒருவரும் விடை சொல்லவில்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான ஞாயிறு மாலை வகுப்பு அது. கம்ப்யூட்டர் மூன்று, ஆட்கள் ஒன்பது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருந்ததால், அவர்களோடு வீடியோவில் பேசப் படிக்க வந்தவர்கள்.

எட்டுப் பேர் ஒரு மாதத்தில் தேறிவிட்டார்கள். ததேயுஸ் மட்டும் தேறவில்லை.

அவர் முப்பது வருடம் வள்ளத்தில் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தவர். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். மவுஸையும் அவர் அப்படியே தள்ளினார். வலப்பக்கம் போக வேண்டிய அம்புக்குறி இடப்பக்கம் ஓடியது.

"மாமா, இது வள்ளமில்ல. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே தள்ளுங்க," என்பாள் ஜெனிலா.

"எனக்குத் தெரியுது மக்கா. கைக்குத் தெரியல்ல," என்பார் அவர்.

மீன் விற்கும் வேளாங்கண்ணி பக்கத்து நாற்காலியிலிருந்து சொல்வாள்: "அண்ணே, இந்தப் போக்குல போனா மகளப் பாக்கக் குவைத்துக்குப் போறதுக்குள்ள நீரு கொழும்புல கரையேறிருவீரு."

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ததேயுஸ் தனியாக வருவதில்லை. மகள் வயிற்றுப் பேத்தி ஆன்சியையும் கூட்டி வருவார். அவளுக்கு ஏழு வயது. அவள் அம்மா ஸ்மிதா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதம் ஆகும். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் ஸ்மிதா வீடியோவில் பேச அந்த வீட்டுக்காரர்கள் அனுமதித்திருந்தார்கள்.

அழைப்பு மணி அடிக்கும். ததேயுஸ் சரியாகவே எடுப்பார். அடுத்த நொடி அம்புக்குறி தடுமாறித் திரையின் மேல் மூலைக்குப் போகும். அங்கே உள்ள சிறு கோட்டைத் தட்டிவிடுவார். ஸ்மிதாவின் படம் கீழே இறங்கி மறைந்துவிடும். குரல் மட்டும் வரும். கம்ப்யூட்டரின் பின்படமான பச்சை மேடும் நீல வானமும்தான் திரையில் இருக்கும்.

அங்கே ஸ்மிதாவுக்கு மகள் தெரிவாள். இங்கே ஆன்சிக்கு அம்மா தெரியமாட்டாள்.

"ஆன்சி, எங்கேயோ பாக்கியே. அம்மையப் பாரு மக்கா."

ஆன்சி பச்சை மேட்டைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஏழாவது ஞாயிறும் இப்படியே நடந்தது. அவரே செய்து பழகட்டும் என்று விட்டிருந்த ஜெனிலாவுக்கு இனிப் பொறுக்கவில்லை. ஸ்மிதாவுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னாள்.

"மாமா, ஏழு வாரமாச்சு. அந்தக் கோட்டுக்கிட்டப் போகாதீங்கண்ணு எத்தனை தடவ சொல்லியாச்சு. உங்களுக்குப் படிக்க மனசில்லண்ணா விடுங்க. பிள்ளைக்கு அவ அம்மை முகத்த மறைக்காதீங்க."

"குரலு கேக்குதுல்லா. போதும் மக்கா."

"உங்களுக்குப் போதும். அவளுக்கு?"

"வீம்பாக்கும் இது," என்றாள் வேளாங்கண்ணி. "கத்துக்கிட மாட்டேன்னு ஒரு வீம்பு. பிள்ளை ஏங்கிப் போச்சு, பாரும்."

ததேயுஸ் மவுஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஜெனிலா அதை அவர் கைக்கடியிலிருந்து இழுத்தாள். கீழே போன படத்தை மேலே கொண்டுவந்தாள்.

ஸ்மிதா திரை நிறைய வந்தாள்.

அவள் மடியில் ஒரு குழந்தை இருந்தது. இரண்டரை வயது இருக்கும். அந்த வீட்டுக் குழந்தை. ஆன்சியிடம் பேசிக்கொண்டே ஸ்மிதா அதற்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விரலால் அதன் வாயைத் துடைத்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தது. ஸ்மிதாவின் கை தானாக அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

ஆன்சியின் சிரிப்பு நின்றுபோனது.

ததேயுஸ் கையை நீட்டி மவுஸை வாங்கினார். அம்புக்குறி தடுமாறவில்லை. நேராகப் போய்க் கோட்டில் நின்றது. படம் இறங்கியது.

ஜெனிலா அவரையே பார்த்தாள்.

"முதல் நாளே கண்டுட்டேன் மக்கா," என்றார் அவர், ஆன்சிக்குக் கேட்காமல். "அன்னைக்கு இவ தண்ணி குடிக்கப் போயிருந்தா. அங்க அவளுக்கு அதாக்கும் வேலை. அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. எனக்கு அது வெளங்கும். இவளுக்கு எப்படிச் சொல்ல?"



"அப்பா, ஆன்சிக்கு என்னாச்சு? சத்தமே இல்லியே," என்றது ஸ்மிதாவின் குரல்.

"ஒண்ணுமில்ல மக்கா," என்றார் ததேயுஸ்.

ஜெனிலா ஆன்சியின் பக்கத்தில் குனிந்தாள்.

"மக்கா, அம்மை படமும் வேணுமா, குரலு மட்டும் போதுமா? உனக்கு எது இஷ்டமோ, அதச் சொல்லு."

ததேயுஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்சி திரையிலிருந்த பச்சை மேட்டைப் பார்த்தாள். பிறகு, படமும் வேண்டும் என்றாள்.