இணைத்த கோப்பு

"தெரியாத ஆக்களின்ர மெயிலைத் திறந்திடாதேங்கோ, தங்கச்சி. திறந்தியள் எண்டால் கம்பியூட்டர் முழுக்கப் பூட்டுப்பட்டிடும். பிறகு திறக்கக் காசு கேட்பாங்கள்" என்று மீனவர் சங்கச் செயலாளர் சிவபாதம், சங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நளாயினியிடம் சொல்லியிருந்தார்.

சல்லிக் கடற்கரையில் இருந்து மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் கோகுலன் ஒரு மாதமாகத் திரும்பவில்லை. செய்தி வரும் என்று கைத்தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தாள்.

அன்று காலையும் அவளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், ஏதோ கோப்பை இணைத்து, சங்கத்து முகவரிக்கு ஒரு மெயில் வந்தது.

"அந்தக் கள்ளன் திரும்பவும் வந்திட்டான், சேர். விடமாட்டான் போல."

"அழியுங்கோ. குப்பைக்கூடையையும் துடைச்சுவிடுங்கோ. உங்களைத் தாண்டி ஒரு கள்ளனும் உள்ளுக்க வர ஏலாது!"

நெடுநாளைக்குப் பிறகு நளாயினி சிரித்தாள். சொன்னபடியே துடைத்தாள்.

மத்தியானம் கொழும்பில் இருந்து ஓர் அதிகாரி அழைத்தார்.

"கோகுலனின்ர மனைவியோ? அவரை மியன்மார்க் கரையில உயிரோட எடுத்தவையாம், அம்மா. சட்டைப்பையில உங்கட சங்கத்து அட்டை இருந்ததாம். அதில இருந்த மெயில் முகவரிக்கு ஆஸ்பத்திரியில இருந்து படத்தோட எத்தனையோ மெயில் போட்டவையாம்."

"இப்ப எப்பிடி இருக்கிறார், ஐயா?"

"ஒருத்தரும் பதில் போடேல்லையாம். உடலை நேற்று அங்கேயே அடக்கம் செய்துபோட்டினம். முகத்தையாவது பார்க்கட்டும் எண்டு இண்டைக்குக் காலமை கடைசிப் படத்தை அனுப்பினவையாம். கிடைச்சதோ?"