புல்வெட்டிக்குப் பின்னால்

பஸ் திடீரென்று வேகம் குறைந்தது.

முன்னால் சரளைச் சாலையில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. டிராக்டர் கிளப்பும் புழுதி இவ்வளவு தாழ்வாக இருக்காது.

“என்ன சார், கன்னுக்குட்டி ஏதாவது ஓடுதா?” என்று பின் இருக்கையிலிருந்து கோல்ட்டன் கத்தினான்.

டிரைவர் டுவேன் சார், சுத்தமாக இருந்த கண்ணாடியைக் கையால் ஒருமுறை துடைத்தார்.

காற்று புழுதியை வயல் பக்கம் தள்ளியது. முன்னால் போனது ஒரு புல்வெட்டி, வீட்டு வாசலில் புல் வெட்டுகிற சின்ன வண்டி. உட்கார்ந்து ஓட்டுவது. பின்னால் ஒரு குச்சியில் ஆரஞ்சுக் கொடி, கயிற்றில் கட்டிய பெட்ரோல் கேன். ஓட்டுகிறவள் காதுகளை மூடும் பெரிய கவசம் போட்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று டிராக்டர் நாள். மே மாதத்தில் ஒருநாள், கடைசி வருடப் பிள்ளைகள் தங்கள் வீட்டு டிராக்டரில் பள்ளிக்கு வருவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் நிற்பார். பின்னால் மொத்தப் பள்ளிக்கூடமும் நிற்கும். எட்டு மணிக்குப் படம் எடுத்து, சாப்பாட்டுக்கூடச் சுவரில் மாட்டுவார்கள். மாட்டிய படத்தை யாரும் கழற்றுவதில்லை.

புல்வெட்டியை ஓட்டுகிறவளின் பின்னலைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

“ஹேட்டி,” என்றாள் யாரோ, மெதுவாக.

சிரிப்பு நின்றது.

அவள் வழக்கமாக உட்காரும் முதல் இருக்கை காலையிலிருந்தே காலி. காய்ச்சல் என்று டுவேன் சார் சொல்லியிருந்தார். சொன்னபோது கண்ணாடியில் எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் நம்பியதுபோல் இருந்துவிட்டோம்.

நவம்பரில் ஹேட்டி வீட்டில் ஏலம் நடந்தது. நிலம், டிராக்டர்கள், விதைக்கும் கருவி எல்லாம் போயின. எங்கள் அப்பாக்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். பச்சை டிராக்டரை எடுத்தது கோல்ட்டனின் அப்பா. இன்று கோல்ட்டனின் அண்ணன் அதில்தான் பள்ளிக்குப் போயிருக்கிறான்.

யாரும் கேட்காமல் மிஞ்சியது இந்தப் புல்வெட்டிதான்.

பஸ் ஊர்ந்தது. இறங்கி நடந்தால் நாங்கள் முந்திவிடலாம்.

“அந்தப் பக்கம் ஒண்ணும் வரல சார், முந்திப் போயிடலாம்,” என்றான் ஓர் ஒன்பதாம் வகுப்புப் பையன். “லேட்டானா எனக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட் போயிடும்.”

“போனா உனக்கு நல்லதுதானடா,” என்றாள் அவன் அக்கா.

“ஹார்னாவது அடிங்க சார்.”

டுவேன் சார் ஹார்னைத் தொடவில்லை. எச்சரிக்கை விளக்குகளைப் போட்டார். பஸ்ஸின் நாலு மூலையும் மினுங்க ஆரம்பித்தது. பின்னால் வேகமாக வந்த பால் லாரி நிதானித்தது. அதற்குப் பின்னால் ஒரு பிக்கப் வண்டி. அதற்கும் பின்னால் இன்னொன்று.

பஸ்ஸின் வயர்லெஸ் ரேடியோவில் தலைமையாசிரியை பாவ்லிக்கின் குரல் வந்தது. “டுவேன், எங்க இருக்கீங்க? விதைப்பு வேலை கிடக்குன்னு இங்க எல்லாரும் குதிக்கிறாங்க. பஸ் வந்தாத்தான் படம் எடுக்க முடியும், தெரியுமில்ல?”

“தெரியும்மா,” என்றார் டுவேன் சார்.

வேகத்தைக் கூட்டவில்லை.

கோல்ட்டன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்ப, நாம முன்னாடி போயிட்டா அவ இல்லாமலே எடுத்துருவாங்க,” என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு எழுந்து வந்து அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இனி வாயத் தொறந்தே, உன்ன இறக்கி விட்டுருவோம். அவ பின்னாடியே நடந்து வா.”

தானியக் கிடங்கைத் தாண்டினோம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினோம். மேட்டில் புல்வெட்டி திணறியபோது பஸ்ஸில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஏறிவிட்டது.

பள்ளியில் டிராக்டர்கள் நெருக்கமாக நின்றிருந்தன. நடுவில் இடமே இல்லை. புல்வெட்டி வாசலுக்குள் திரும்பியதும் அங்கே சிலர் சிரித்தார்கள். கோல்ட்டனின் அண்ணன் சிரிக்கவில்லை. பச்சை டிராக்டரில் ஏறி, பின்னுக்கு எடுத்து, தள்ளி நிறுத்தினான்.

அந்த இடத்தில் பாதியைக்கூடப் புல்வெட்டி நிரப்பவில்லை.

ஹேட்டி காதுக் கவசத்தைக் கழற்றினாள். அப்போதுதான் திரும்பினாள். மினுங்கும் விளக்குகளோடு எங்கள் பஸ். அதன் பின்னால் பால் லாரி. அதன் பின்னால் சாலை வளைவுவரை வண்டிகள்.

நாங்கள் இறங்கிப் பின்வரிசைக்கு ஓடினோம்.

“ஓட்டக் கத்துக்குடுத்தவங்க எல்லாம் அவங்கவங்க வண்டிகிட்ட வாங்க,” என்று படம் எடுக்கிற பெண் கூப்பிட்டாள். அப்பாக்கள் வந்தார்கள். ஒரு பெரியப்பா வந்தார். ஓர் அம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.

டுவேன் சார் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். தொப்பியைத் தொடையில் தட்டி மறுபடி போட்டுக்கொண்டார். நேராகப் புல்வெட்டி அருகில் போய், மற்றவர்களைப் போலவே வண்டியின்மேல் ஒரு கையை வைத்தார். அதற்கு அவர் குனிய வேண்டியிருந்தது.

“ஹார்ன் அடிச்சிருக்கலாமே, அப்பா,” என்றாள் ஹேட்டி.

“அடிச்சா நீ ஓரங்கட்டியிருப்பே.”